ஐந்து ரூபாய் பாக்கெட்டின் பின்பக்கம்

உணவு லேபிளை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நிதானமாக நடப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு பாக்கெட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், சரியில்லாததைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்பார்கள். வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நிறைய வீடுகளில் மளிகை வாங்குவது இப்படியல்ல. கால் கிலோ துவரம்பருப்பு, பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு பால் பாக்கெட், பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும்போது சரத்திலிருந்து கிழித்துத் தரும் ஐந்து ரூபாய் சிப்ஸ் என்று அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குகிறார்கள். கூலி அன்றாடம் வருகிற வீட்டில் செலவும் அன்றாடம்தான். பொருளை எடுத்துக் கொடுப்பவர் அண்ணாச்சி. நம் கைக்கு அது வருவதற்குள் கணக்கு முடிந்திருக்கும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அங்கே நின்று பொடி எழுத்தைப் படிப்பது நடக்காத காரியம்.

லேபிளைப் படிக்க வசதியான இடம் வீடுதான். காலிக் கவரைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் படியுங்கள். நம் வீடுகளில் வாங்கும் பாக்கெட் பொருட்கள் அடிக்கடி மாறுவதில்லை. அதே பிஸ்கெட், அதே நூடுல்ஸ், பாலில் கலக்கும் அதே பவுடர், அதே ஊறுகாய். ஒரு கவரை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டால் அந்த முடிவு பல மாதத்துக்குப் போதும். வாடிக்கையாக ஒரு வீட்டுக்குள் நுழையும் பாக்கெட் உணவு பத்துப் பன்னிரண்டு வகை இருந்தாலே அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம்.

பார்த்தே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது அது. அடுத்த ஆண்டு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுப் பழக்கத்தால் வருவது என்று கணக்கிட்டது. வடசென்னையில் இதை எண்ணாகச் சொல்லத் தேவையே இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் மாத்திரை வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம். அந்த இரண்டு நோய்க்கும் முக்கியமான இரண்டு கணக்குகள், சர்க்கரையும் சோடியமும், பாக்கெட்டின் பின்னால் அச்சில் இருக்கின்றன.

முன்பக்கத்தை எழுதுவது கம்பெனியின் விற்பனைப் பிரிவு. பின்பக்கத்தை எழுத வைப்பது சட்டம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பாக்கெட்டில் என்னென்ன போட வேண்டும் என்று 2020இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சேர்ந்திருக்கும் பொருட்களின் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, சைவ அசைவக் குறி, ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உரிம எண் எல்லாம் அதில் அடக்கம். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அசைவத்துக்கு இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். வட்டமாக இருந்ததை மாற்றியதற்குக் காரணம், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வடிவத்தை வைத்துக் கண்டுகொள்ளட்டும் என்பதுதான். நல்ல மாற்றம்.

அதே விதிகளில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருந்தால் போதும். மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. விளைவு என்ன? முன்பக்கத்தில் பொருளின் பெயரும் 'குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கு' என்ற வாசகமும் அழகான தமிழில் இருக்கும். திருப்பினால் தமிழ் காணாமல் போயிருக்கும். விற்கும்போது தமிழ் வேண்டியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும்போது வேண்டாமா? திருவொற்றியூரில் பேரப்பிள்ளைக்குப் பிஸ்கெட் பிரித்துக் கொடுக்கும் ஆயாவுக்கு அந்தப் பின்பக்கம் இருந்தும் இல்லாததுதான். ஆகவே வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதாகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கஷ்டமில்லை. எந்த வரியைத் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எடை

பெரும்பாலானவர்கள் அட்டவணைக்கு நேராகப் போவார்கள். நான் முதலில் பார்ப்பது எடையை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலை பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. மூலப்பொருள் விலை ஏறும்போது உள்ளே இருக்கும் கிராம்தான் குறைகிறது. அதே நிறம், அதே படம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்போது ஒரு கிராமுக்கு எவ்வளவு விலை என்றும் எம்.ஆர்.பி.க்கு அருகிலேயே அச்சிடுகிறார்கள். சின்ன பாக்கெட்டின் கிராம் விலையையும் பெரிய பாக்கெட்டின் கிராம் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்றாடம் வாங்குகிறவர் எவ்வளவு அதிகம் கொடுக்கிறார் என்பது பல பொருட்களில் தெரிந்துவிடும்.

எடையைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டவணை 100 கிராமுக்கு எழுதப்பட்டிருக்கும். பக்கத்து வரிசையில் ஒரு செர்வுக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு எவ்வளவு, அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சதவீதம் சின்னதாக இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு செர்வ் எவ்வளவு என்று முடிவு செய்வது கம்பெனி. இரண்டு பிஸ்கெட்டை ஒரு செர்வ் என்று வைத்தால் சர்க்கரை குறைவாகத்தான் தெரியும். எந்தப் பிள்ளை இரண்டு பிஸ்கெட்டோடு நிறுத்துகிறது? ஆகவே 100 கிராம் வரிசையை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு தின்கிறார்கள் என்று எடையை வைத்துப் பெருக்குங்கள்.

ஒரு நூடுல்ஸ் கவரை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சோடியம் 1,100 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இந்த வகை உணவில் இது புதுமையான எண் இல்லை. பாக்கெட் 70 கிராம், ஒரு ஆள் ஒரு பாக்கெட் சாப்பிடுவார். 770 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. லேபிளில் சதவீதம் போடுவதற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் 2,000 மில்லிகிராம் சோடியமும் அதுதான். சாயங்காலம் நாலு மணிக்குப் பசிக்கிறதென்று போட்டுத் தின்ற ஒரு தட்டிலேயே ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. ராத்திரிக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் இனிமேல்தான் வரப்போகின்றன. அதுவும் இந்த 5 கிராம் பெரியவர்களுக்கான அளவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படிக் கணக்குப் போட்ட பிறகு நூடுல்ஸை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு, ஒரு கைப்பிடி கேரட், பீன்ஸ், ஒரு முட்டை சேர்த்தால் தட்டு வேறாகிவிடும். மசாலாவில் மட்டும்தான் உப்பு என்று நினைத்துவிடாதீர்கள், நூடுல்ஸ் கட்டியிலும் உப்பு உண்டு. பாதி மசாலா என்றால் பாதி உப்பு என்று ஆகாது. ஆனாலும் குறையும்.

பட்டியலில் யார் முன்னால்

லேபிளில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி எது என்று கேட்டால் இன்கிரீடியன்ட்ஸ் என்ற பட்டியலைத்தான் சொல்வேன். அதில் ஒரு விதி இருக்கிறது. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும், அடுத்து அதற்குக் குறைவானது, இப்படியே கடைசி வரை. கணக்கே தெரியாவிட்டாலும் முதல் மூன்று பெயர்களைப் படித்தால் அந்தப் பொருள் என்ன என்று தெரிந்துவிடும். ரிஃபைன்ட் வீட் ஃப்ளார், சுகர், பாமாயில் என்று ஆரம்பித்தால் அது மைதா, சர்க்கரை, பாமாயில். முன்பக்கத்தில் பாதாம் படமிருந்தாலும் பால் குடம் சாய்ந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை.

இங்கே ஒரு நல்ல விதியும் உண்டு. ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ எடுத்துக்காட்டி விற்றால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பட்டியலில் சொல்ல வேண்டும். ராகி பிஸ்கெட் வாங்கியிருந்தால் ராகி என்ற பெயருக்குப் பக்கத்திலுள்ள எண்ணைத் தேடுங்கள். 10 சதவீதம் என்று இருந்தால் நூறு கிராம் பிஸ்கெட்டில் பத்துக் கிராம்தான் கேழ்வரகு. மீதியில் பெரும்பகுதி மைதாவும் சர்க்கரையும். மல்டிகிரெய்ன், ஓட்ஸ், சிறுதானியம், தேன், உலர்பழம் என்று எதை முன்னால் எழுதியிருந்தாலும் இதே சோதனைதான். காலையில் தெருமுனையில் கூழ் ஊற்றும் அம்மாவிடம் வாங்கும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழில், அந்த பிஸ்கெட் பாக்கெட் முழுவதிலும் இருப்பதைவிட அதிகக் கேழ்வரகு இருக்கும்.

பிரெட்டிலும் இதே கதைதான். கோதுமை பிரெட் என்ற பெயரை நம்ப வேண்டாம். முழுக் கோதுமை மாவு, அதாவது ஹோல் வீட் ஃப்ளார் அல்லது ஆட்டா, பட்டியலில் முதலில் வருகிறதா, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெறும் வீட் ஃப்ளார் என்றால் அது மைதாவாகவே இருக்கலாம். பழுப்பு நிறம் கேரமல் சேர்த்தும் வரும்.

சர்க்கரைக்கு வரிசையில் முதலிடம் கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பல பெயர்களில் பிரித்துப் போடுவது. சுகர், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப், ஃப்ரக்டோஸ் என்று நாலைந்து இடத்தில் வந்தால் எல்லாவற்றையும் மனதில் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அது மாவுச்சத்துக் கணக்கில் போய்விடும், சர்க்கரை வரியில் தெரியாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். சுகர் இருப்பவர்கள் ஆடட் சுகர்ஸ், அதாவது சேர்த்த சர்க்கரை என்ற வரியோடு நிறுத்தாமல் கார்போஹைட்ரேட் மொத்தம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டியது இதனால்தான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் என்று எழுதியிருந்தால் மனசு இளகுகிறது. உடம்பில் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் அவையும் செய்கின்றன.

பாலில் கலக்கும் பவுடர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கும் அம்மா, பிள்ளைக்குச் சத்து என்று இதை மட்டும் யோசிக்காமல் வாங்குவாள். மற்றதில் மிச்சம் பிடித்து இதில் போடுவாள். அந்த அன்பின் மேல்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. பாக்கெட்டைத் திருப்பி 100 கிராமில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 30 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு சர்க்கரை. அதை டம்ளரில் போட்ட பிறகு மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போடும் வழக்கம் வேறு. 2024 ஏப்ரலில் இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. அப்படி ஒரு வகைக்கே சட்டத்தில் விளக்கம் கிடையாது. அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் வாங்கினால் பிள்ளைக்குப் புரதமாவது போய்ச் சேரும்.

லேபிளின் சதவீதக் கணக்கு சேர்த்த சர்க்கரைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்ற அளவை வைத்துப் போடப்படுகிறது. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான உச்ச வரம்பு அது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே பாக்கெட்டில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் அதை 40 என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குப் பத்து பதினோரு கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே அந்த 25 கிராம் முடிந்துவிடும்.

இல்லை, இல்லை என்று சொல்லும் முன்பக்கம்

ஒன்று இருக்கிறது என்று சொல்வதைவிட, ஒன்று இல்லை என்று சொல்வது நன்றாக விற்கிறது. கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் என்பார்கள். கொலஸ்ட்ரால் என்பது விலங்கிலிருந்து வரும் உணவில் இருப்பது, எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருந்ததில்லை. எண்ணெயில் பார்க்க வேண்டியது சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு என்ற வரி. டிரான்ஸ் ஃபேட் ஜீரோ என்பதும் இன்றைக்குப் பெரிய சாதனையில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும், தொழிற்சாலையில் எண்ணெயை இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. டால்டா காலத்தோடு ஒப்பிட்டால் அது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் பாமாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுகர் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நோ ஆடட் சுகர் என்பது வேறு. பழத்தின் சர்க்கரையோ பாலின் சர்க்கரையோ அதில் நிறைய இருக்கலாம். சர்க்கரை இல்லாத பிஸ்கெட்டிலும் மைதா இருக்கிறது, மைதா வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். சுகர் மாத்திரை போடும் அப்பாவுக்கு என்று தனியாக வாங்கிவைத்து, அவரும் பயமில்லாமல் ஆறேழு தின்றுவிட்டால் என்ன பயன்? டப்பாவில் வரும் பழச்சாறுகளில் 100 சதவீதம் பழச்சாறு என்று போடுவதை எடுத்துவிடச் சொல்லி 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. தண்ணீரும் செறிவாக்கிய சாறும் கலந்து செய்ததை அப்படிச் சொல்ல முடியாது என்பது அதன் நியாயம்.

இவற்றில் எனக்கு நிஜமாகவே கோபம் தந்தது ஓ.ஆர்.எஸ். பெயரில் விற்ற இனிப்புப் பானங்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்க வேண்டும். சர்க்கரை அதற்கு மேலே ஏறினால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி அதிகமாகும். ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு, சர்க்கரை பல மடங்கு அதிகமுள்ள டப்பாக்கள் மருந்துக்கடையிலேயே விற்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. வெள்ளம் வடிந்த பிறகு தெருவுக்கு நாலு பிள்ளைக்கு பேதி வரும் பகுதிகள் எங்களுடையவை. வாங்கும்போது அந்தக் கலவை விவரம் அச்சிட்ட தூள் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் கூடையும் ஐஸும் சுமப்பவர்கள், மாதவரம் பக்கம் லாரி ஓட்டுபவர்கள் கையில் இப்போது டீ கிளாஸுக்குப் பதிலாக எனர்ஜி டிரிங்க் பாட்டில். விலை குறைந்ததும் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் வந்துவிட்டது. காஃபின் சேர்த்த இந்த வகைப் பானத்தில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்பது விதி. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பாட்டிலிலேயே இருக்கிறது. எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் என்று பாட்டிலைச் சுழற்றிப் பாருங்கள்.

உணவில் சேர்க்கும் நிறம், பதப்படுத்தி போன்றவற்றுக்கான ஐ.என்.எஸ். என்று தொடங்கும் எண்களைக் கண்டு சிலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். 330 எலுமிச்சையிலும் இருக்கும் சிட்ரிக் அமிலம், 500 சமையல் சோடா, 322 எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலக்க உதவும் லெசிதின். இவற்றால் கவலையில்லை. 102, 110 இரண்டும் மஞ்சள், ஆரஞ்சு நிறத்துக்கான செயற்கைச் சாயங்கள். பிள்ளைகளின் கவனத்தையும் சுறுசுறுப்பையும் பாதிக்கலாம் என்று ஐரோப்பாவில் இவற்றின் மேல் எச்சரிக்கை போட வேண்டும். பிள்ளை தினம் கேட்கும் மிட்டாயில் இவை இருந்தால் வேறு வாங்கலாம். ஆனால் எண்ணைப் பார்த்துப் பயந்து, அட்டவணையில் இருக்கும் சர்க்கரையையும் உப்பையும் விட்டுவிடக் கூடாது.

சின்னப் பாக்கெட்டுக்குச் சலுகை

விதிகளில் வடசென்னையை நேராகத் தொடும் ஓர் இடம் உண்டு. பாக்கெட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அதில் இருக்க வேண்டியதில்லை. அவற்றைச் சேர்த்து அடைத்துவரும் பெரிய பெட்டியில் இருந்தால் போதும். இடமில்லை என்ற காரணம் புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டி பெட்டிக்கடைக்குள் பிரிக்கப்பட்டு எங்கோ போய்விடும். ஒரு ரூபாய் மிட்டாய், ஊறுகாய்ப் பொட்டலம், புளிப்பு மிட்டாய்ச் சுருள் என்று பிள்ளை கையில் வருவதில் அந்த விவரம் எதுவும் இருக்காது. பெரிய பாக்கெட் வாங்க முடிந்தவருக்கு விவரம் கிடைக்கிறது, சில்லறைக்கு வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால், "அண்ணாச்சி, அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் காட்டுவார்கள்.

பள்ளிக்கூட வாசலுக்கு வேறு ஒரு விதி இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள உணவுகளைப் பள்ளிக்குள்ளும், பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் வந்தது. தண்டையார்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று 50 மீட்டர் நடந்து பாருங்கள், அந்த விதி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெட்டிக்கடை அக்காவின் பிழைப்பும் அதில் இருக்கிறது என்பதால் கடையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. கடலை உருண்டை, வேகவைத்த சோளம், சுண்டல், மாங்காய், வெள்ளரிக்காய் விற்கவும் அதே இடம் போதும்.

எண்ணெய்க்கும் பாலுக்கும் வருவோம். ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியே எண்ணெய் விற்கும் விலையில் அதை வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இல்லை, சொல்லவும் கூடாது. அந்தக் கவரில் இருக்கும் பிளஸ் எஃப் குறி, வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதில் நூறு கிராமுக்கு 40 கிராமுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 6 கிராம் வரும். லேபிள் கணக்குப்படி ஒரு நாளைக்கு உச்ச வரம்பே 22 கிராம். சமைப்பதற்கே பாமாயில் என்றால், வெளியே வாங்கும் சிப்ஸும் பிஸ்கெட்டும் பஃப்ஸும் அதே பாமாயிலாக இருப்பதைத்தான் குறைக்க வேண்டும். ரேஷன் எண்ணெயோடு கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் நல்லது.

பால் பாக்கெட்டில் பின்பக்கம் தேட வேண்டியதில்லை. ஆவின் நீலப் பாக்கெட் சமன்படுத்திய பால், 3 சதவீதக் கொழுப்பு. ஆரஞ்சு நிறைகொழுப்புப் பால், 6 சதவீதம். அரை லிட்டரில் 15 கிராமுக்கும் 30 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். வளரும் பிள்ளைக்கு ஆரஞ்சு தவறில்லை. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர் இருக்கும் வீட்டில் நீலம் போதும்.

எந்த லேபிளும் இல்லாமல் வீட்டுக்கு வருபவை தனி. கருவாடு, கடையில் எடை போட்டுத் தரும் ஊறுகாய், பேக்கரி வறுக்கி, கவரில் கட்டிய இட்லி மாவு. இவற்றில் உப்பும் கொழுப்பும் எவ்வளவு என்று யாரும் அச்சிட்டுத் தரப்போவதில்லை. கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி ஊறவைத்து, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் ருசி பார்த்துச் சேர்ப்பது எங்கள் பக்கத்து அம்மாக்களுக்குத் தெரிந்த வித்தைதான். சின்னப் பாக்கெட் சலுகைக்குள் வராத பாக்கெட் பொருளில் தேதியோ உரிம எண்ணோ இல்லையென்றால் அது சட்டப்படி தவறு. ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் படத்தோடு புகார் கொடுக்கலாம்.

இத்தனையையும் ஒரு வீடு தன் பொறுப்பில் படித்துக் கணக்குப் போட வேண்டியிருப்பதே சரியில்லை என்பது என் எண்ணம். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் போட வேண்டும். இங்கே 2022இல் ஆணையம் முன்வைத்த வரைவு, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் முறை. 14,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில் மூன்று மாதத்துக்குள் பரிந்துரையை முடிக்கச் சொல்லி உத்தரவானது, பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட்டது. நட்சத்திரத்தில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரைக்காகக் குறைத்த மதிப்பெண்ணைக் கொஞ்சம் நார்ச்சத்தும் புரதமும் சேர்த்து ஈடுகட்டிவிடலாம். இரண்டு நட்சத்திரம் வாங்கிய பிஸ்கெட்டும் ஏதோ பரிசு வாங்கியதுபோல்தான் தெரியும். 'உப்பு அதிகம்', 'சர்க்கரை அதிகம்' என்று கறுப்புக் கட்டத்துக்குள், விற்கும் ஊரின் மொழியில், முன்பக்கத்திலேயே போடட்டும். தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் தமிழைக் கட்டாயமாக்க அந்த 2020 விதிகளில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.